ராயன்பட்டினத்துச் சுவரும் நம் கரண்டு சுத்தியலும்

அத்தான்,

நேற்று சலூனில் மானம் போயிற்று. பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கடையில் மெஷின் வைத்துச் சுவரை உடைத்தார்கள். சூடான கிரீசும் சுண்ணாம்புத் தூசியும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும், "அத்தான், அழுத்திப் பிடிங்க" என்று கத்திவிட்டேன். சவரக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

அழுத்திப் பிடிப்பது உங்கள் வேலை. கத்துவதுதான் எண்பதுகளிலும் என் வேலை.

பிரான்சுக்கே போய்விடுகிறேன் என்று சாமான்களை விற்ற, பிரெஞ்சுக்காரர் பென்ஷன் வாங்கும் முசியே வீட்டில், தையல் மெஷினுக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவே அந்தக் கரண்டு சுத்தியல் கிடந்தது. "ஓடுமா முசியே?" என்றீர்கள். "என்னைவிட நல்லா ஓடும்" என்றார். அவருடைய முழங்கால் வலி காரைக்காலுக்கே தெரியும். நாம்தான் யோசிக்கவில்லை.

முதல் வேலை ராயன்பட்டினத்துக் கல்யாண வீடு. நிக்காஹ் அன்று பெண்கள் தெருவில் இறங்காமல் போய்வர, அண்ணன் தம்பி வீடுகளுக்கு நடுச்சுவரில் வாசல் திறக்க வேண்டும். சுவரின் கனத்தைப் பார்த்து அந்த ஊர்க் காண்ட்ராக்டர் கைவிரித்துவிட்டார். நீங்கள் வீட்டுக்காரரிடம், "ஒரே நாள் பாய்" என்றீர்கள். முடியாவிட்டால் அதோடு நம்மை யாரும் வேலைக்குக் கூப்பிடப் போவதில்லை.

பிரெஞ்சு பிளக் நம் ஊர் ஓட்டையில் நிற்கவில்லை. ஒயரை உரித்துத் தீக்குச்சி சொருகினேன். "எலுமிச்சம்பழம் நறுக்கிக்கலாமாம்மா?" என்று பாயின் தாயாரைக் கேட்டீர்கள். "நறுக்குங்க தம்பி, சுவரு விழுந்தா சரி" என்றவர் கைத்தடியால் இடமும் காட்டினார். "இங்கன இடிங்க."

மெஷின் உறுமியதும் தெருவே கூடிவிட்டது. உங்கள் கைலி நழுவ, ஒரு கையில் ஒயரும் மறு கையில் கைலியுமாக நின்றேன்.

"மாப்ள, விட்றாதடா."

"எதை அத்தான்?"

"ரெண்டையுந்தான்."

சாயங்காலத் தொழுகைக்கான அசர் பாங்குக்கு முன் வாசல் திறந்துவிட்டது. மேலே தேக்கு உத்தரம்கூடத் தயாராகத் தெரிந்தது. நம் அதிர்ஷ்டம் என்றீர்கள். கைவிரித்த காண்ட்ராக்டர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து மெஷினைத் தொட்டார். "சுடுதேய்யா."

"வேலை செஞ்சா சுடும்" என்றீர்கள்.

கல்யாணத்தன்று பிரியாணிச் சட்டி நம் வாசல் வழியாகத்தான் போயிற்று. அதன்பின் பூவம் கிராமம் வரை எல்லாச் சுவரும் நமக்கே. அந்த மெஷினின் உளி இன்றும் என் மேசையில் இருக்கிறது. கை வைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

நீங்கள் போன துக்கத்துக்கு வந்த அந்தக் கல்யாண வீட்டுப் பாய், கிளம்பும்போது சொன்னார்: "அன்னிக்கு நீங்க இடிச்சது பழைய வாசல்தாங்க. அண்ணன் தம்பி சண்டையில ஒத்தக்கல்லு வச்சுச் சேறு பூசி அடைச்சது. கடப்பாரையே போதும். நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்களா, உம்மா சொல்லவேண்டாம்னுட்டாங்க."