பந்தைக் கடைசிவரை பார்த்தவர் யார்

ஆனி 8, ஞாயிறு.

மாவட்ட பேஸ்பால் அணியிலிருந்து பேத்தி தேன்மொழியின் பெயரைப் பயிற்சியாளர் அடித்துவிட்டார். மட்டையில் படும்வரை அவள் பந்தைப் பார்ப்பதில்லையாம்.

யாராலும் பார்க்க முடியாது. கடைசிச் சில அடிகளில் பந்தின் வேகத்துக்குக் கண் ஓடாது; பந்து வரப்போகும் இடத்துக்கு முன்பே தாவிவிடும். தேன்மொழி வீசுபவளின் கையை வைத்தே கணித்துவிடுகிறாள். துறைமுகத்தில் படகிலிருந்து கயிறு வீசும்போது மீனவர்கள் நாங்களும் வீசுகிறவன் தோளைத்தான் பார்ப்போம். கயிற்றையே பார்ப்பவன் அதை முகத்தில் வாங்குவான்.

மைதானத்துக்கே போய், பந்தில் பாதி சிவப்பும் பாதி நீலமும் பூசி, அடித்துக் காட்டச் சொல்லிக் கொடுத்தேன். பயிற்சியாளர் நன்றாகவே அடித்தார்.

"மட்டையில பட்டது எந்த நிறம் சார்?"

"பெரியவரே, நீங்க போய் வலையைப் பாருங்க."

"தெரியலன்னு சொல்லிட்டுப் போங்களேன்."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

வீட்டில் தேன்மொழி அழுதாள். "ஆடப் போறது நானா, நீங்களா தாத்தா? நீங்க மன்னிப்புக் கேட்டா என்னைச் சேர்த்துக்கிறேன்னு சொல்றாரு."

பிள்ளைகள் முன்னால் சிரிக்க வைத்ததற்கு நாளை மன்னிப்புக் கேட்கிறேன். அவர் பந்தைக் கடைசிவரை பார்த்தார் என்று மட்டும் என் வாயிலிருந்து வராது.