கவிழ்த்து வைத்த டம்ளர்

அக்கா,

இன்று காலை கரமனையில் பஸ் ஏறியபோது பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் தலையிலிருந்து ராஸ்னாதிப் பொடி மணம் வந்தது. தலைக்குக் குளித்த ஈரம் காயாத உச்சியில் அதைத் தேய்த்துக்கொண்டுதான் நீங்களும் கதவைத் திறப்பீர்கள். எனக்குப் பெரும்பாலான மணங்கள் ஆகாது. முன் சீட்டில் மல்லிகைப் பூ இருந்தால் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறவள் நான். இது மட்டும் ஆகும். அதனால் தம்பானூர் வரைக்கும் எழுந்திருக்காமல் வந்தேன். வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. செத்தவர்கள் மேல் கோபம் வைக்கக்கூடாது என்பாள் அம்மா. வைக்காமல் இருப்பது எப்படி என்று அவள் சொன்னதில்லை.

இருபத்தொன்பது வயதில்தான் எனக்கு ஆட்டிசம் என்று ஒரு டாக்டர் எழுதித் தந்தார். அதற்கு முன்னும் பின்னும் என்னைத் திருத்தப் பார்த்தவர்கள் பலர். கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே, கேட்டதற்கு உடனே பதில் சொல். ஒரு இடத்தில் பத்து எண்ணும் வரை எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்கப் பயிற்சியே கொடுத்தார்கள். நான் எண்ணினேன். அவர் என்ன பேசினார் என்று ஒன்றும் ஞாபகமில்லை.

நீங்கள் ஆஸ்பத்திரி கவுன்சலிங் வேலையை விட்டுவிட்டு, கரமனை வீட்டு மாடியை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைப் போன்ற பத்துப் பேருக்குத் திறந்து வைத்திருந்தீர்கள். முதல் நாள் எனக்கு எதிரில் உட்காராமல் பக்கத்தில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தீர்கள். "என் மூஞ்சியப் பாக்க வேண்டாம் மக்கா. அந்த மாமரத்தப் பாரு. அது ஒண்ணும் நெனைக்காது" என்றீர்கள். நாகர்கோவில் பேச்சு உங்களை விட்டுக் கடைசி வரை போகவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. வேறொருவர் வீட்டில் நான் சிரித்தது அன்றுதான்.

மாடியில் இரண்டே விதிகள். கேட்காமல் யாரும் யாரையும் தொடக்கூடாது. இரண்டாவது, டம்ளர். வந்தவுடன் ஆளுக்கொரு ஸ்டீல் டம்ளரை எடுத்து முன்னால் வைத்துக்கொள்வோம். நிமிர்த்தி வைத்தால் சாயா ஊற்றலாம், பேசலாம். கவிழ்த்து வைத்தால் இன்றைக்கு எனக்குச் சத்தம் வேண்டாம் என்று அர்த்தம். ஏன் என்று கேட்கக்கூடாது. முதல் நான்கு ஞாயிறும் நான் கவிழ்த்தே வைத்தேன். ஐந்தாவது ஞாயிறு நிமிர்த்தினேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் சாயா ஊற்றிவிட்டு அடுத்தவரிடம் போனீர்கள். வேறு இடமாக இருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

"பேசாம இருக்கதும் ஒரு பதிலுதான்" என்று அடிக்கடி சொல்வீர்கள். நான் நம்பினேன். நம்பித்தான் அந்த வழக்கத்தை மாடிக்கு வெளியேயும் கொண்டுபோனேன். வீட்டில் அம்மாவுக்குப் புரிந்தது. மருந்து மொத்தக் கடையில் நான் பெட்டிகளைத் தேதிவாரியாக அடுக்கும் பின்னறையிலும் புரிந்துகொண்டார்கள். அண்ணிக்கு மட்டும் அது மரியாதைக் குறைவாகத் தோன்றியது. எனக்குக் குணமாக வேண்டும் என்று பழவங்காடிக் கணபதிக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்துகொண்டாள். நல்ல மனசுதான். தேங்காய் உடைகிற சத்தத்தைத் தாங்க முடியாத ஒருத்தியைக் குணப்படுத்த, அவளையே பக்கத்தில் நிறுத்தி நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பது என்று யாருக்குத் தோன்றும்?

பதினேழு வரை எண்ணினேன். பிறகு காதைப் பொத்திக்கொண்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்து கத்தினேன். அண்ணன் என்னைத் தூக்கினான். கையைக் கடித்துவிட்டேன். ஆட்டோவில் ஏற்றி நேராக ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். கடிபட்டவனுக்கு இரண்டு தையல், எனக்கு ஒரு கட்டில்.

அங்கே வார்த்தை வரவில்லை. எனக்கு அப்படி வராத நாட்கள் உண்டென்று உங்களுக்குத் தெரியும். வார்டில் எப்போதும் டியூப் லைட், எப்போதும் யாராவது கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் பதில் சொன்னேன். கட்டில் பக்கத்து மேஜையில் டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். சிஸ்டர் நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றுவார். நான் மறுபடி கவிழ்ப்பேன். தண்ணீர் தரையெல்லாம் ஓடும். தண்ணீரை மறுக்கிறார், முரட்டுத்தனம் இருக்கிறது என்று எழுதிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் நீங்கள் வந்தீர்கள். வாசலில் உங்களைப் பார்த்ததும் இனிக் கவலையில்லை என்று நினைத்தேன். ஊருக்குப் போன அம்மா திரும்பி வந்தால் வருமே ஒரு நிம்மதி, அது வந்தது. நீங்கள் முதலில் என்னைப் பார்க்கவில்லை. டம்ளரைத்தான் பார்த்தீர்கள். டாக்டரும் அண்ணனும் பக்கத்தில் நின்றார்கள். டாக்டர் டம்ளரைக் காட்டி, "இதெந்தா இங்ஙனெ? அறியாமோ?" என்று கேட்டார். இது ஏன் இப்படி, தெரியுமா என்று.

"அறியில்ல, டோக்டர்" என்றீர்கள்.

பிறகு டம்ளரை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றி என் கையில் வைத்து, "குடி மக்கா" என்றீர்கள். என் விரல்களை உங்கள் விரல்களால் மடக்கிப் பிடித்தீர்கள். கேட்கவில்லை. நான் குடித்தேன். அக்கா, அந்தத் தண்ணீரைக் குடித்ததற்காக என்னையே என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. நோயாளி ஒத்துழைக்கத் தொடங்கியிருக்கிறார் என்று எழுதிவிட்டு, அதே சிகிச்சையை இன்னும் பதினோரு நாள் தொடர்ந்தார்கள். மாத்திரையை நான் குறை சொல்லவில்லை. அதில் ஒன்று எனக்குத் தூக்கம் தந்தது, இப்போதும் போடுகிறேன். ஆனால் நான் பேசிக்கொண்டே இருந்தேன். அந்தப் பேச்சு தெரிந்த ஒரே ஆள் நீங்கள். தெரியாது என்றீர்கள்.

காரணம் பிறகு தெரிந்தது. நம் மாடிக்கு வந்த ஒரு பெண்ணின் அப்பா, நீங்கள் மாத்திரையை நிறுத்தச் சொல்வதாக அதே ஆஸ்பத்திரியில் புகார் சொல்லியிருந்தார். நீங்கள் அப்படிச் சொன்னதே இல்லை. ஆனாலும் டம்ளர் உங்கள் மாடியிலிருந்து வந்தது என்று தெரிந்தால் மாடியை மூடவைத்துவிடுவார்கள் என்று பயந்தீர்கள். பத்துப் பேருக்காக ஒருத்தியைக் கைவிட்டீர்கள். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அந்த ஒருத்தி நானாக இல்லாமல் இருந்திருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன்.

நான் வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் நேந்திரம் சிப்ஸ் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "உள்ள வரலாமா மக்கா?" என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். சரி என்று போய்விட்டீர்கள். ஆஸ்பத்திரியில் மறந்துபோன விதி அங்கே சரியாக ஞாபகம் வந்துவிட்டது. ஒரு தடவை மீறித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்திருக்கலாம். உங்களுக்கு அப்போதே உடம்பு சரியில்லை என்பதுகூட எனக்குத் தெரியாது. அதிலிருந்து ஐந்தாம் மாதம் போய்விட்டீர்கள். நான் உங்கள் தெருமுனை வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பினேன்.

மாடி மூடவில்லை. இப்போதும் ஞாயிறுதோறும் கூடுகிறோம், உங்கள் மகள் சாவி தந்திருக்கிறாள். தொடுவதற்கு முன் கேட்கும் பழக்கம் என்னிடம் அப்படியே இருக்கிறது. அது நீங்கள் தந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

போன வியாழக்கிழமை நம் கூட்டத்துப் பெண் ஒருத்தியின் அம்மா போனில் அழுதாள். அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. போனேன். அந்தப் பெண் போர்வையைத் தலைவரை இழுத்துப் போட்டு, யார் கேட்டாலும் பதில் சொல்லாமல் கிடந்தாள். டாக்டர் மட்டும் வேறு ஆள். என்னைப் பார்த்து, இது ஏன் இப்படி, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். இங்கேதான் என் பழைய ஃபைல் இருக்கிறது, நீயும் படு என்று சொல்லிவிட்டால்? அவர் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "இவள்க்கு ஒச்சயும் லைட்டும் பற்றில்லா, டோக்டரே. லைட் ஓஃப் ஆக்கியால் மதி. கொறச்சு கழிஞ்ஞு பறயும்." சத்தமும் வெளிச்சமும் இவளுக்கு ஆகாது, லைட்டை அணைத்தால் போதும், கொஞ்சம் கழித்துப் பேசுவாள் என்று.

"அத்ரேயுள்ளோ?" என்றார் அவர். இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டு, தானே போய் லைட்டை அணைத்தார்.

நீங்கள் செய்யாமல் விட்டது பெரிய காரியம், மலையைப் புரட்டுவது, யாராலும் முடியாது என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதை வைத்து உங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மன்னித்தும் வந்தேன். வியாழக்கிழமையோடு அது போயிற்று. நானும் பயந்துகொண்டேதான் சொன்னேன், அக்கா. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.