பத்தால் வகுத்த பதில்கள்

மேலக்குடியிருப்பு,
3 ஜூலை 2025

கர்த்தருக்குள் அன்பான மகள் ரீபாவுக்கு,

சித்தப்பா தேவமணி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கு யாவரும் சுகம். யாவரும் என்றால் நானும், என் ஓட்டுக்கூரையில் வாடகை தராமல் குடியிருக்கும் அணிலும்.

இந்தக் கடிதத்தில் உள்ளதை நீ நம்பமாட்டாய், உன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரும் நம்பமாட்டார், நம் சபையார் நம்பவே மாட்டார்கள் என்று வேதப்புத்தகத்தின்மேல் கைவைத்து உறுதி கூறி ஆரம்பிக்கிறேன்.

உன் அப்பா முகச்சவரம் செய்யும்போது முணுமுணுப்பாரே ஒரு பழைய பாட்டு, அவள் கேள்வியாகக் கேட்க அவன் கூசாமல் புளுகிக்கொண்டே வருவானே, அதிலிருந்து ஐந்து கேள்விகள் எடுத்து அனுப்பியிருக்கிறாய். போன் வைத்துக்கொள்ளாத சித்தப்பனோடு பேச மஸ்கட்டில் இருக்கும் ஒரு நர்சுக்கு வேறு என்ன வழி!

முதல் கேள்வி, எதைக் கண்டு பயந்தாய் என்று. நம் கோயில் அசன விருந்துக்கு ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கிற அண்டாவைக் கண்டு. எட்டு வயதில் ஏணி வைத்து எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு தோணி போய்க்கொண்டிருந்தது. தோணிக்காரர் துடுப்பை நக்கிப் பார்த்துவிட்டு, “உப்பு கொறைவு வே” என்றார்.

எதைத் திருடினாய்? அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ்ஸை. கண்டக்டர் உள்ளேயே தூங்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. தூக்கத்திலேயே எனக்கு டிக்கெட் கிழித்துவிட்டார்.

யாரைக் காதலித்தாய்? களக்காட்டில் ஒரு வாழைத்தோட்டக்காரர் மகளை. பெண் பார்க்கப் போன அன்று அவள் அப்பா வெட்டித் தந்த தாரைத் தூக்க ஏழு பேர் போதவில்லை. எட்டாவதாக வந்து தூக்கினவனை அவள் கட்டிக்கொண்டாள். நான் இன்றும் தனியாள்.

எப்போது அழுதாய்? என் கண்ணீரெல்லாம் பாபநாசம் அணையில் தேக்கி வைத்திருக்கிறது. கலெக்டர் உத்தரவில்லாமல் திறக்க முடியாது.

யாரிடமும் சொல்லாமல் ஒளித்து வைத்திருப்பது என்ன? இந்த ஐந்தாவது கேள்வி வருமுன் பேனாவில் மை தீர்ந்துவிட்டது. என்ன செய்ய!

இப்படிக்கு,
உன் சித்தப்பா,
மேலக்குடியிருப்புச் சக்கரவர்த்தி தேவமணி


மஸ்கட்,
21 ஜூலை 2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். டியூட்டி முடிந்து வரும்போது வேனில் வைத்துப் படித்தேன். சத்தம்போட்டுச் சிரித்து டிரைவரிடம் திட்டு வாங்கினேன். அப்பா பழக்கித் தந்தபடி எல்லாவற்றையும் வகுத்தும் பார்த்தேன். “ஒங்க சித்தப்பன் என்ன சொன்னாலும் பத்தால வகுத்துக்கோளா, மிச்சம் வாரதுதான் நெசம்” என்பார். நம் வீட்டில் எல்லோருக்கும் அந்தக் கணக்கு மனப்பாடம். தோணியை வகுத்ததில் ஒரு அகப்பை மிஞ்சியது.

இனி எழுதப்போவதை எழுதக் கை வரவில்லை. அப்பாவைக் கொண்டுபோன வெள்ளத்துக்குப் பிறகு, அவர் ஸ்கூட்டியின் சீட்டுக்கடியில் கிடைத்த போனை இங்கே கொண்டுவந்திருந்தேன். போன மாதம் ஒரு கடைக்காரர் அதற்கு உயிர் கொடுத்துவிட்டார். கடைசியாகப் பேசிய எண் உங்களுடையது. 2023 டிசம்பர் 18, காலை 9.40. நான்கு நிமிடம் பேசியிருக்கிறீர்கள்.

அன்றைக்கு லைனே கிடைக்கவில்லை என்று போலீஸிலும் சொன்னீர்கள், அம்மாவிடமும் சொன்னீர்கள்.

சித்தப்பா, ஐந்தாவது கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.

அன்பு மகள்,
ரீபா


மேலக்குடியிருப்பு,
12 ஆகஸ்ட் 2025

அன்பான ரீபாவுக்கு,

ஸ்தோத்திரம். நீ அனுப்பிய பேரீச்சம்பழம் கிடைத்தது. கொட்டையை முற்றத்தில் துப்பினேன், காலையில் பார்த்தால் ஒரு ஒட்டகம் வந்து நிற்கிறது. பக்கத்து வீட்டு மகாராஜன் அதில் பால் கறக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

டவரெல்லாம் சாய்ந்து கிடந்த நாளில் போன் எதை எதையோ பதிவு செய்திருக்கும். தண்ணீர் குடித்த போன் சொல்வதையெல்லாம் நம்பலாமா? வேளாவேளைக்குச் சாப்பிடு. வெயிலில் அலையாதே.

சித்தப்பா


மஸ்கட்,
29 ஆகஸ்ட் 2025

சித்தப்பாவுக்கு,

ஒட்டகத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன். அன்று காலை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை. ஒன்றுமில்லாத காரியம், கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிப்பது பற்றி. அப்பா சாப்பிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒன்றரை வருஷமாக அம்மா வாரம் தவறாமல் போனில் கேட்கிறார்: “முப்பது வருசம் வாத்தியாரா இருந்த மனுசன், தண்ணியப் பாத்துட்டு ஏன்டி எறங்கினாவ? நான் சொன்ன சொல்லு தாங்காமத்தான் எறங்கினாவளா?”

அம்மா இப்போது கோயிலுக்குப் போவதில்லை. நற்கருணை எடுக்கத் தனக்குத் தகுதியில்லை என்கிறார்.

அப்பாவிடம் என்ன பேசினீர்கள்? இதற்குப் பதில் இல்லையென்றால் இதுவே என் கடைசிக் கடிதம்.

ரீபா


மேலக்குடியிருப்பு,
14 செப்டம்பர் 2025

ரீபாவுக்கு,

மதினி அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முன்பே சொல்லியிருப்பேன் என்று எழுத வந்தேன். அதுவும் பொய்யாக இருக்கலாம்.

பேசினேன். அண்ணன்தான் கூப்பிட்டார். என் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டதென்று முந்தின நாள் சொல்லியிருந்தேன். பாளையங்கோட்டையில் வாங்கிக்கொண்டு, கொட்டுகிற மழையில் ஓடைத் தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் செம்மண் தண்ணீர் தட்டையாகத்தான் தெரியும். ஆழம் தெரியாது. இந்தப் பக்கம் மகாராஜன் வீட்டு மாடியில் நின்ற எனக்குத் தெரியும். பாலத்தை ஒட்டி எங்கள் பக்கம் இருக்கும் பஸ் நிறுத்தத்தில் மேல்கூரை மட்டும்தான் வெளியே நின்றது.

“எவ்வளவு தண்ணி போவுதுலே?” என்று கேட்டார்.

“ஆள் மட்டம் போவுதுண்ணே. வராத.”

அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. “ஆனை ஒண்ணு மெதந்து போவுது, மேல பாகன் குடை பிடிச்சிட்டு இருக்கான்” என்றேன். மிதந்து போனது மகாராஜனுடைய எருமை. அவன் அழுதுகொண்டு என் பக்கத்தில்தான் நின்றான்.

அண்ணன் கணக்குப் போட்டார். “ஆள் மட்டம்னா கரண்டைக்காலு. சரி, உருட்டிட்டு வந்துருதேன்.”

“இல்லண்ணே, நெசமாத்தான் சொல்லுதேன்.”

“நீ என்னைக்குலே நெசமில்லாமச் சொல்லுத?”

மகாராஜன் கையை நீட்டினான். “அண்ணாச்சி, நீங்க சொன்னா அவிய நம்ப மாட்டாவ. போனை இங்கன தாங்க, நான் சொல்லுதேன்.”

கொடுத்திருந்தால் உன் அப்பா திரும்பிப் போயிருப்பார். எனக்குச் சுருக்கென்றது. என் வாய்ச்சொல்லுக்கு இவன் சாட்சியா? “எங்கண்ணனுக்குச் சொல்லதுக்கு நீ யாரு வே?” என்று அவன் கையைத் தட்டிவிட்டேன். அதற்குள் போன் அறுந்துவிட்டது. மறுபடி கூப்பிட்டேன், லைன் போகவில்லை. அந்த ஒரு பாதியைத்தான் எல்லோரிடமும் சொன்னேன்.

அவர் இறங்கியதை நான் பார்க்கவில்லை. மழை மறைத்துவிட்டது. மூன்றாம் நாள் உடல் வயலில் கிடைத்தபோது சட்டைப்பையில் மாத்திரை அட்டை இருந்தது. அடக்கம் முடிந்து வந்ததும் என் போனைக் கிணற்றில் போட்டேன். மகாராஜன் இன்றுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டதால்தான்.

இப்போது அவனிடம், “நீயே மதினிகிட்ட சொல்லிருடே” என்று சொல்லிவிட்டேன். நாளைக் காலை பாளையங்கோட்டைக்குப் போகிறான். நானும் கூடப் போய் உங்கள் வீட்டு வாசலில் நிற்பேன். உள்ளே வரச் சொன்னால் போவேன். அவன் நம்பரைக் காகிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீயும் கேட்டுக்கொள். நான் எழுதியதை வைத்து ஒன்றையும் முடிவு செய்ய வேண்டாம்.

ஆனால் அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. போன் என் காதில் இருந்ததால் நான் மட்டும் கேட்டது. சாட்சி கிடையாது. மதினிக்கு நீதான் அதைச் சொல்ல வேண்டும். லைன் அறுகிறபோது உன் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். “மாத்திரை நனையாமக் கொண்டாறேன், அதுவரைக்கும் ஆனையப் புடிச்சி வையி” என்று சொல்லிச் சிரித்தார். சாக வந்தவன் சிரிப்பு இல்லை அது. இவ்வளவு காலம் எழுதியதில், பேசியதில், இந்தச் சின்னத் துண்டு மட்டும் நடந்தது நடந்தபடி.

தேவமணி