ஒரே பிறப்புச் சீட்டில் இருவர்

அத்திபெலே, பெங்களூரு
14 ஆகஸ்ட் 2025

அன்புள்ள காந்தா அக்காவுக்கு,

தம்பி கோவிந்தன் எழுதுவது. இங்கே நானும் மங்களமும் நலம். மங்களம் நலம் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. என் விஷயத்தில் சற்றுச் சிக்கல். மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நாக்பூரில் மழை விட்டதா?

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். மூன்று தடவை முயன்றேன். சின்ன வயதுப் பேச்சை எடுத்தாலே உன் வீட்டுக் குக்கர் கூப்பிட்டுவிடுகிறது. கடிதத்தை வைத்துவிட்டு எழுந்து போனாலும் அது அங்கேயே இருக்கும்.

எனக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. தீபாவளிக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் அம்ருதா சொல்லியிருக்கிறார். அரசு மருத்துவ அட்டையில் செய்துகொள்ளலாம் என்று பதியப் போனேன். கவுன்ட்டரில் இருந்த வீணா என்ற பெண் கம்ப்யூட்டரை இரண்டு முறை பார்த்துவிட்டு, 'நீவு தீர்கொண்டிதீர சார்' என்றாள். நீங்கள் காலமாகிவிட்டீர்கள் என்று. கன்னடத்தில் அதற்கு மரியாதை குறைந்த சொல்லும் உண்டு. அவள் அதைப் பயன்படுத்தவில்லை. நல்ல பெண்.

1965-ல் இறந்திருக்கிறேன். அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருடம் தொழிற்சாலையில் லேத் ஓட்டியதிலும், எல்லாத் தேர்தலிலும் ஓட்டுப் போட்டதிலும் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. பழைய பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோதுதான் விஷயம் தெரிந்ததாம். நான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க மாதக்கணக்கில் ஆகும், விதவைப் பென்ஷன் என்றால் பதினைந்தே நாள் என்று பக்கத்து மேசைக்காரர் யோசனை சொன்னார். மங்களம் விடுவாளா. 'உசிரோட இருக்கறப்பவே இந்த மனுஷன் ஒண்ணுக்கும் உதவல, செத்து மட்டும் உதவிடுவாராக்கும்' என்று கேட்டாள். பஸ்ஸில் ஏறியதும் என் கையைப் பிடித்தவள் அத்திபெலே வரும்வரை விடவில்லை.

இனி வருவது உனக்குத் தெரிந்த கதை. இதற்காக நான் பார்த்த வக்கீல் கேட்ட வரிசையில் எழுதுகிறேன். எனக்கு முன்னால் 1962-ல் ஒரு கோவிந்தன் பிறந்தான். மூன்று வயது ஆகுமுன் போய்விட்டான். அதே வருடக் கடைசியில் நான் பிறந்தேன். போனவனே திரும்பி வந்துவிட்டான் என்று அம்மா எனக்கும் அதே பெயரை வைத்தாள். வீட்டில் பிறந்த என்னை யாரும் பதியவில்லை. பள்ளிக்கூடத்தில் பிறப்புச் சீட்டு கேட்டார்கள். கோவிந்தன் என்ற பெயரில் அம்மாவிடம் ஒரு சீட்டு இருந்தது, கொடுத்துவிட்டாள். நம் லைன் வீடுகளில் இப்படி முன்னால் போனவர்களின் சீட்டில் படித்த பிள்ளைகள் இன்னும் இரண்டு மூன்று பேர் உண்டு. யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

எட்டு வயதுக்கு உடம்பு போதாது என்று டீச்சர் எனக்கு மட்டும் இரண்டு கரண்டி உப்புமா போடுவார். எனக்கு அப்போது ஐந்து. பிறகு அவன் வயதிலேயே மூன்று வருடம் முன்னதாக ரிடையர் ஆனேன். பிறப்பை எடுத்துக்கொண்டால் சாவும் கூடவே வரும் என்று அம்மாவுக்குத் தோன்றவில்லை.

சாட்சி தேடி மர்பி டவுனுக்குப் போனேன். நம் வீடு இருந்த இடத்தில் நாலு மாடி பிஜி விடுதி. குழாயடியில் சிமென்ட் தொட்டி இருந்த இடத்தில் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. பழைய ஆட்களில் எதிர்வீட்டு வெங்கடசாமி மாமா மட்டும் மிச்சம். எண்பத்தேழு வயது. என்னைப் பார்த்ததும் அழுதார். 'கோயிந்தா, அந்தத் தொட்டியிலேர்ந்து உன்னைத் தூக்குனது நான்தாண்டா. பொழைக்கமாட்டேன்னு நெனச்சேன், பரவால்லியே' என்றார்.

அண்ணன் போனதற்கு அம்மா எனக்குச் சொன்னது காய்ச்சல். பதிவேட்டு நகலை வாங்கிப் பார்த்தேன். நீரில் மூழ்கி என்று இருக்கிறது.

வரும் வழியெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. குழாயடிக்குப் போனால் பாவாடை நாடாவால் என் மணிக்கட்டைக் கட்டி, மறுமுனையை உன் இடுப்பில் முடிந்துகொள்வாய். கன்றுக்குட்டி போகுது பார் என்று பையன்கள் சிரிப்பார்கள். அல்சூர் ஏரியில் மீன் பார்க்கப் போனதற்கு அடித்தாயே, அம்மாகூட அப்படி அடித்ததில்லை. பக்கத்திலேயே நிற்பேன், நீ பேர் சொல்லிக் கூப்பிடுவாய். 'இதோ இருக்கேன்க்கா' என்று நான் சொல்லும்வரை கூப்பிடுவாய். கல்யாணமாகி நீ ரயில் ஏறிய அன்று, விட்டது தொல்லை என்று லைன் முழுக்கக் குதித்துக்கொண்டு ஓடினேன். எனக்கு எட்டு வயது. சீட்டுப்படி பதினொன்று.

படிவம் இத்துடன் இருக்கிறது. இரண்டு கோவிந்தன்கள் இருந்தார்கள் என்று நோட்டரி முன்னால் சத்தியம் செய்ய நீ ஒருத்திதான் இருக்கிறாய். வெங்கடசாமி மாமாவும் செய்வார், ஆனால் ஒரே கோவிந்தனுக்குத்தான். ஆறாவது கட்டத்தில் இறந்த விதம் எழுத வேண்டும். ஏழாவதில் நேரில் பார்த்தாயா என்று கேட்டிருக்கிறார்கள். காய்ச்சல் என்றே எழுதிவிடலாமா என்று வீணாவிடம் விசாரித்தேன். பதிவேட்டோடு ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். ஆகவே நடந்ததைத்தான் எழுத வேண்டும். நோட்டரி அதை உரக்க வாசித்துக் காட்டுவார். உன் வீட்டில் மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டாம் என்றால் தனியாகப் போய் வா.

நீ எழுதாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை என்று ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். அது பொய். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்க ஆசையாக இருக்கிறது.

படிவத்தை நாலு முறை படித்துப் பார்த்தேன். ஒன்பது வயதுப் பெண்ணிடம் இரண்டு குடத்தையும் ஒரு குழந்தையையும் கொடுத்துத் தண்ணீருக்கு அனுப்பியது யார் என்று கேட்க அதில் கட்டம் இல்லை. இருந்திருந்தால் அதை நானே நிரப்பி அனுப்பியிருப்பேன்.

எழுதிவிடு அக்கா. எழுத்து கோணலாக இருந்தால் பரவாயில்லை. நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன் இரண்டாவது தம்பி,
கோவிந்தன்