உப்பு நிலாவுக்குப் போன கமால்

புதுக்குடியிருப்பு
04.02.2024

அன்புள்ள ஜமால்தீன் மாமாவுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. நான் எழுத்தாளர் வீரபாகுவின் மகள் சுதாஜினி. இங்கே ரியூசனில் கணிதம் படிப்பிக்கிறேன். போன புரட்டாதியில் அப்பா சிறுநீரக வருத்தத்தால் காலமானார். கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "நான் முதல்முதல் எழுதின நாவல், 'உப்பு நிலா', ஜமாலிட்டைக் கிடக்கு. அவன் எறிஞ்சிருக்க மாட்டான்" என்றார். உங்களைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அப்பாவின் விஞ்ஞானக் கதைகளில் போருக்குப் பிறகு எழுதியவைதான் மிஞ்சியிருக்கின்றன. முன்னர் எழுதியதெல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டது. கனடாவில் ஒரு பதிப்பகம் இந்த நாவலைப் போட ஆசைப்படுகிறது. உங்களிடம் உண்மையிலேயே இருக்கிறதா மாமா?

பதிலை எதிர்பார்க்கும்,
சுதாஜினி


தண்ணீரூற்று
15.02.2024

அன்பு மகள் சுதாஜினிக்கு,

இறைவன் கிருபையால் நாங்கள் நலம். போனில் கதைத்தால் எனக்குக் காது பிடிபடாது, அதனால் எழுதுகிறேன். வீரபாகுவின் மரணத்தைப் பத்திரிகையில்தான் பார்த்தேன். யாரும் எனக்கு அறிவிக்கவில்லை.

நாவல் இருக்கிறது. தொண்ணூறாம் ஆண்டு தமிழ் இயக்கத்தார் துவக்கோடு வந்து வடக்கிலிருந்த முஸ்லிம்களையெல்லாம் வெளியேறச் சொன்னபோது, கையில் கிடைத்ததோடு நடந்தோம். வாசித்துப் பார்க்கும்படி உங்கள் அப்பா தந்திருந்த தாள்களை என் பைக்குள் வைத்தேன். "பிள்ளையின்ர உடுப்பை எடுத்துப்போட்டுக் கடதாசியை வைக்கிறீங்களே!" என்று என் மனைவி ஹாலிதா அழுதாள். பிறகு புத்தளத்து அகதிக் கொட்டிலில் மழை ஒழுகும்போது அந்தப் பையை முதலில் தூக்குகிறவள் அவள்தான்.

கதையில் சனிக்கிரகத்தின் நிலவொன்றுக்கு இரண்டு பேர் போகிறார்கள், வேலனும் கமாலும். கமால் நான்தான். நந்திக்கடல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது உங்கள் அப்பா கேட்டான்: "டேய் ஜமால், விண்வெளியிலை நிண்டு நீ எந்தப் பக்கம் பாத்துத் தொழுவாய்?" "பூமி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்" என்றேன். அதை அப்படியே எழுதிவிட்டான். பூமி சன்னலுக்கு நேரே வரும்படி வேலன் கப்பலைத் திருப்பிப் பிடிப்பான், கமால் தொழுவான்.

நாங்கள் ஊருக்குத் திரும்பிப் பல வருடங்கள். ஒரு பஸ் ஓட்டத் தூரத்தில் இருந்தும் அவன் வரவில்லை, ஒரு வரி எழுதவுமில்லை. கோபம் வரும்போது அந்த இடத்தை எடுத்து வாசிப்பேன், மனம் ஆறும்.

வந்து வாங்கிக்கொண்டு போங்கள் மகள். பகல் சாப்பாடு எங்கள் வீட்டில்.

உங்கள் மாமா,
ஜமால்தீன்


புதுக்குடியிருப்பு
22.03.2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஹாலிதா மாமியின் இறால் குழம்பை அம்மாவிடம் சொல்லி முடியவில்லை. தாள்களை என் கையில் தந்துவிட்டு நீங்கள் முற்றத்துப் பக்கம் திரும்பி நின்றதை நினைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

கனடாவுக்கு அனுப்பிவிட்டேன். அப்பா எழுதியதில் இதுதான் மேல் என்கிறார்கள். முதல் பிரதி உங்களுக்குத்தான்.

அன்புடன்,
சுதாஜினி


தண்ணீரூற்று
09.01.2025

அன்பு மகளுக்கு,

புத்தகம் வந்தது. அட்டை வடிவாக இருக்கிறது. ஹாலிதா பக்கத்தில் இருக்க, சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன்.

கமால் என்று வரவேண்டிய இடமெல்லாம் 'கமலன்' என்று இருக்கிறது. அச்சுக்காரரின் பிழையா? தொழுகிற இடம் வரும் வரும் என்று தாளைப் புரட்டினேன், வரவேயில்லை. முன்னுரையில் 'போரிலிருந்து எப்படியோ தப்பிய கைப்பிரதி' என்று போட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் வயது போய்விட்டது. என் ஞாபகம்தான் பிழையோ என்று பார்க்க அந்தத் தாள்களை ஒருக்கால் அனுப்புங்கள் மகள்.

மாமா,
ஜமால்தீன்


புதுக்குடியிருப்பு
20.01.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பிழை இல்லை. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருந்தேன். அங்கே புத்தகம் வாங்குகிறவர்களுக்குக் கமால் என்ற பெயர் உறுத்தும் என்றார் பதிப்பாளர். தொழுகை கதையின் ஓட்டத்தைக் கெடுக்கிறதாம். நாவலைக் காப்பாற்றியது நீங்கள் என்று எழுதினால், நீங்கள் ஏன் ஊரைவிட்டுப் போனீர்கள் என்பதையும் எழுதவேண்டி வரும். "அந்தக் கதையை இப்ப ஏன் கிளறவேணும், தங்கச்சி?" என்று கேட்டார். நானும் ஓம் என்றுவிட்டேன். இல்லாவிட்டால் புத்தகமே வந்திராது மாமா. அப்பாவின் பெயர் நிலைக்கவேண்டும் என்றுதான் பார்த்தேன். பெயரிலே கொஞ்சம்தானே மாற்றம்?

தாள்கள் கனடாவிலேயே இருக்கின்றன. தரமாட்டார்கள் போலிருக்கிறது.

மாசி கடைசியில் இங்கே வெளியீட்டு விழா. நீங்களும் மாமியும் கட்டாயம் வரவேண்டும். முன்வரிசையில் இருத்தி, உங்களுக்குப் பொன்னாடை போர்த்துவோம்.

கோபிக்காதீர்கள்.
சுதாஜினி


தண்ணீரூற்று
02.02.2025

சுதாஜினிக்கு,

உங்கள் கடிதத்தை ஹாலிதாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப பொன்னாடை கமாலுக்கோ, கமலனுக்கோ?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

எங்களைப் போகச் சொன்ன அன்று வீரபாகு வீதியில்தான் நின்றான். வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவனையும் கொண்டுபோயிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவனில் கோபமாகவே இருந்தேன். ஆனால் சாகக் கிடக்கும்போதும் அவன் கமாலின் பெயரை மாற்றச் சொல்லவில்லை. நாவல் எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னான்.

மாற்றியது நீங்கள். உங்களுக்கு முன்னால் யாரும் துவக்கோடு நிற்கவில்லை.

விழாவுக்கு நாங்கள் வரமாட்டோம். புத்தகத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஜமால்தீன்