முப்பத்திரண்டு பை சேறு

சென்னை,
12.3.1984

மச்சானுக்கு,

ஸலாம். கோபம் ஆறட்டும் என்று நான்கு நாள் காத்திருந்தேன். ஆறவில்லை.

நம் வீட்டில் நான் வைத்திருந்தது, ஏரிக்கு அடியிலிருந்து சாண் சாணாக எடுத்த சேறு. எந்த ஆழத்தில் எந்தச் சிப்பி கிடக்கிறது என்று பார்த்தால்தான் கடல் எப்போது உள்ளே வந்தது என்று எழுத முடியும். அதற்காகத்தான் முப்பத்திரண்டு பைகளிலும் சீட்டு ஒட்டியிருந்தேன். நீங்களோ இறாலைக் கழுவுவதுபோல் எல்லாவற்றையும் கழுவி, சிப்பிகளை ஒரே கூடையில் பளபளவென்று வைத்திருந்தீர்கள். கேட்டால், "உனக்கு வேலை மிச்சம்னுதான் பண்ணேன்" என்கிறீர்கள்! நிலவியல் படிக்கிறவளைக் கட்டி மூன்று வருடம் ஆகிறதே, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

நேற்று மறுபடியும் ஏரிக்கரைக்கு, தோணிரேவுக்குப் போனேன். படகுக்காரர் சகாதேவன், "இன்னாம்மா, போன மாசம் எடுத்த சேறு கெட்டுப்பூடுச்சா?" என்று கேட்டார்.

"எங்க வூட்டுக்காரர் கழுவிட்டாருண்ணே" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கோலைத் தண்ணீரில் நழுவவிட்டார். மாலைவரை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று குழாயை இறக்கி, எல்லாம் எடுத்தாயிற்று. வீட்டுக்கு வராமலே விடுதிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

கோபம் மட்டும் காரணமில்லை. எனக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது. ஷில்லாங். ஜூனில் சேர வேண்டும். உங்களைக் கேட்காமலே சம்மதம் எழுதிவிட்டேன்.

பேரப்பிள்ளை கேட்கும் மாமியிடம், "படிப்பு முடியட்டும்" என்று இத்தனை நாள் எனக்காகப் பேசினீர்கள். இனி என்ன பேசுவீர்களோ தெரியவில்லை. பதிலைக் கடிதத்தில் எழுதாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள்
மனைவி