அமைதியாகிவிட்ட இருட்டுத் தட்டுகள்

மார்ச் 4, செவ்வாய்

பன்னிரண்டு கண்ணாடித் தட்டுகளில் இதயச் செல்கள் வளர்கின்றன. வெளிச்சம் பட்டால் செயல்படும் புரதம் ஒன்றை அவற்றுக்குள் சேர்த்திருக்கிறேன். துடிப்பைக் கலைத்துவிட்டால் அது சுழலாகச் சுற்றிச் சுற்றி ஓடும். நீல வெளிச்சம் காட்டினால் நிற்கும். பளிச்சென்று அடிக்க வேண்டாம், மங்கலாகக் கொஞ்ச நேரம் காட்டினாலே போதும் என்பது என் வாதம்.

“மின்மினிப் பூச்சியை வெச்சு அடுப்பு மூட்டப் போறியா?” என்றார் துறைத்தலைவர். சிரிக்கட்டும்.

மார்ச் 5

இதே மாதிரி துடிப்பு தாறுமாறானால் நிறுத்த அக்காவின் நெஞ்சில் பதித்த கருவி நேற்று மறுபடி அதிர்ச்சி கொடுத்திருக்கிறது. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாளாம்.

“குதிரை உதைச்ச மாதிரி இருந்துச்சுடி. உயிரைக் காப்பாத்துது, இல்லேங்கல. ஆனா அடுத்தது எப்போன்னு நெனச்சே பாதி உயிர் போகுது.”

என் வேலை அவளுக்கு உதவ எத்தனையோ வருடம் ஆகும், உதவாமலும் போகலாம். அதை நான் மறைத்ததில்லை. “எண்பது வயசுல வந்து வெளிச்சம் காட்டு, கண்ணு தெரியுதான்னும் சேத்துப் பாத்துக்கலாம்” என்கிறாள். சிரித்தேன். போனை வைத்ததும் அழுகை வந்தது.

மார்ச் 10

மண்ணைக் கவ்வினேன். ஒப்பிடுவதற்காக வெளிச்சமே காட்டாமல் வைத்த தட்டுகளிலும் சுழல் நின்றுவிட்டது. அப்படியென்றால் என் வெளிச்சம் கிழித்தது என்ன?

“காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதை. வெள்ளிக்கிழமையோட இந்த ஆய்வை மூடிடலாம்” என்றார் துறைத்தலைவர். பக்கத்து மேசைக்காரன், எங்கள் ஆமாஞ்சாமி, “ஆமா சார்” என்றான்.

மார்ச் 11

மூட மாட்டேன்.

மார்ச் 12

தட்டில் ஓடும் சுழல் தானாக அடங்காது. என்னைவிட அது யாருக்குத் தெரியும்? காலையிலிருந்து இருட்டுப் பெட்டிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் ஆனது. அப்புறம் தெரிந்தது — தட்டுகளை உடல் சூட்டில் வைக்கும் ஹீட்டரின் பின்பக்கம், கடுகளவு நீல விளக்கு. பழைய ஹீட்டரில் இருந்தது சிவப்பு; இந்தச் செல்களுக்குச் சிவப்பு உறைக்காது. புதியதைப் போன வாரம் கொண்டுவந்து வைத்தது யார்? நான்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

ஆமாஞ்சாமி காதோடு சொன்னான்: “யாருக்கும் தெரியாதுங்க. டேப்பை ஒட்டிட்டு, பழைய முடிவை நோட்டுலேர்ந்து தூக்கிடுங்க.”

தூக்க மாட்டேன். தப்பு என்னுடையது, நானே சொல்வேன். கூடவே இன்னொன்றும் சொல்வேன் — கடுகளவு விளக்கே சுழலை நிறுத்துகிறது என்றால், மங்கல் போதாது என்றது யார்?

மார்ச் 13

எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

“தப்பையும் பண்ணிட்டு, அதையே சாட்சிக்கும் கூப்பிடறியா?” என்றார் துறைத்தலைவர்.

“ஆமா சார். நம்பிக்கை இல்லேன்னா நீங்களே சில தட்டுக்கு மட்டும் மங்கலா வெளிச்சம் போட்டுப் பாருங்க. எந்தத் தட்டுக்குப் போட்டீங்கன்னு எனக்குச் சொல்லாதீங்க. படத்தைப் பார்த்து நான் சொல்றேன்.”

“சொல்லலேன்னா நாளைக்கே மூட்டை கட்டணும்” என்றார். “கட்டறேன்” என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் வந்தது.

மார்ச் 14, வெள்ளி

ஹீட்டர் விளக்கின் மேல் இரண்டு சுற்று கறுப்பு டேப். துறைத்தலைவர் என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு மணி நேரம் கழித்து, தட்டுகளின் துடிப்பைப் பதிந்த பன்னிரண்டு படங்களைக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் பார்த்து, வெளிச்சம், இருட்டு என்று எழுதிக் கொடுத்தேன். தன் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து விரலால் ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டார். பதினொன்று சரி. ஒரு தட்டு மட்டும், வெளிச்சம் பட்டும் அடங்காமல் சுழன்றிருக்கிறது. அதை நான் இருட்டு என்று எழுதியிருந்தேன்.

“ஒண்ணுதானே. கெட்டுப்போன தட்டா இருக்கும், விட்டுடலாம்” என்றார். அவர் குரலில் அவ்வளவு கனிவை நான் கேட்டதே இல்லை. ஆசையாகத்தான் இருந்தது.

“வேண்டாம் சார். அதையும் எழுதுங்க.”

பேனாவை மூடினார். என்னைப் பார்த்தார். பிறகு திறந்து, பன்னிரண்டையும் தன் கையாலேயே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“அடுத்த தட்டெல்லாம் எப்போ தயாராகும்?”

“திங்கட்கிழமை சார்.”